எல்லவோடு இறங்கிவிட வேண்டாம்

இலங்கையின் மலையகத்துக்குச் சுற்றுலா போக நினைக்கும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிறது. அருவி, பாலம், மலையுச்சி, தேயிலைத் தொழிற்சாலை என்று அது நீளும். பிறகு வாகனம் பேசப்படும். ராத்திரி எங்கே படுப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதற்குள் கையிருப்பில் பாதி கரைந்திருக்கும். கைபேசியில் மலிவாகக் கண்ணில் பட்ட அறையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த வரிசையே பிழை என்பது என் கட்சி. எந்த ஊரில் தூங்கி எழும்புகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஓர் ஊரை எந்த நேரங்களில் பார்ப்போம், யாரோடு பேசுவோம், நம் காசு யார் கையில் சேரும் ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தவை. ஊவா மாகாணத்தை வைத்துப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும். அங்கே போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் எல்லவில் இறங்கி எல்லவிலேயே தங்கி எல்லவிலிருந்தே திரும்புகிறார்கள். இருபது கிலோமீற்றர் சொச்சத்துக்கு அப்பால் இருக்கும் மாகாணத் தலைநகர் பதுளையில், நகருக்குள் இருக்கும் ஒரு சிறிய விடுதியில், இரண்டு இரவாவது தங்குவதே ஊவாவைப் பார்க்கும் சரியான வழி.

ரயிலிலிருந்தே தொடங்கலாம். கொழும்பு கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடும் மலையகப் பாதை பதுளையில்தான் முடிகிறது. அந்தப் பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் முப்பது வருடம் பிடித்தது. 1924இல்தான் முதல் ரயில் பதுளை நிலையத்துக்கு வந்து நின்றது. இந்த முப்பது வருடத் தாமதத்துக்கு முதலாம் உலகப் போர் ஒரு காரணம், நிலத்தின் கரடுமுரடு இன்னொன்று. பாதை அமைத்தவர்கள் மிகவும் திணறியதும், கடைசியில் தம் திறமையை முழுதாகக் காட்டியதும் எல்லவைத் தாண்டிய பிறகுதான். கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே நிற்கிறது. தெமோதரையில் ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்றிருந்த அதே நிலையத்துக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. பயணத்தின் உச்சங்கள் இவை இரண்டும். எல்லவில் பெட்டியை இறக்கியவர் இரண்டையுமே ரயிலிலிருந்து பார்ப்பதில்லை. வெயிலில் நடந்துபோய்ப் பாலத்தைத் தூர நின்று படம் எடுத்துக்கொள்கிறார். பாலத்தின் மேல் போகக் காசு கொடுத்து ஏறிய ரயிலை ஒரு நிலையம் முன்னாலேயே விட்டுவிட்டு, அந்தப் பாலத்தைத் தேடிக்கொண்டு நடப்பது வேடிக்கைதான்.

பதுளையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சரித்திரம் இருக்கிறது. போர்த்துக்கேய ஜெனரல் கொன்ஸ்தந்தீனு டி சா 1630இல் பதுளையைச் சூறையாடிவிட்டுத் திரும்பும் வழியில்தான் ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் சிக்கி மாண்டார். கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனபின் அவர்களுக்கு எதிரான முதல் பெரிய கிளர்ச்சியும் இந்த ஊவாவில்தான் வெடித்தது. பதுளையில் அவர்களுடைய பிரதிநிதியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817இல் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல, கிளர்ச்சிக்காரர் பக்கமே சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. கிளர்ச்சியை அடக்கும்போது ஊவாவின் வெல்லஸ்ஸப் பகுதியில் வயல்களும் குளங்களும் நாசமாக்கப்பட்டதன் வடு நெடுங்காலம் ஆறவில்லை. பௌத்தர்கள் வழிபடும் பதினாறு முதன்மைத் தலங்களில் ஒன்றான முதியங்கனை விகாரை நகருக்குள்ளேயே இருக்கிறது. கதிர்காமத் தேவாலயமும் அப்படியே. சற்று நடந்தால் புனித மாற்கு ஆலயம். பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்து வீதிகள் போட்ட மேஜர் ரொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்த ஆலயம் இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேரெடுத்த ஒருவருக்கு இத்தனை அமைதியான நினைவாலயம் அமைந்தது காலனித்துவ காலத்தின் விசித்திரங்களில் ஒன்று. இந்தத் தலங்கள் எல்லாமே கால்நடையாய்ப் போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஆனால் வான் ஒன்றிலிருந்து இறங்கி அரை மணி நேரத்தில் ஏறிப்போகிறவருக்கு இவற்றுள் ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பு பிடிபடாது.

இங்கேதான் நேரம் முக்கியமாகிறது. பகல்நேரப் பயணி ஓர் ஊரின் மிகச் சோர்வான பொழுதையே பார்க்கிறார்: காலை பத்துக்குப் பிறகு, மாலை நாலுக்கு முன். உலகெங்கும் பழைய ஊர்கள் இதே நோயால் அவதிப்படுகின்றன. ஜெர்மனியின் ரொத்தன்பேர்க் மதிலுக்குள் அடங்கிய இடைக்காலச் சிறுநகரம். அங்கே பகலில் பேருந்துகளில் வந்திறங்கும் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். அந்தி சாய்ந்து கூட்டம் வடிந்தபின் சிறு குடும்ப விடுதிகளில் தங்கியவர்களுக்கே ஊர் மிஞ்சும். வெனிஸ் நகரசபை 2024 ஏப்ரலில் ஒரு படி மேலே போனது. குறிப்பிட்ட நாட்களில், இரவு தங்காமல் வந்துபோகிறவர்களிடம் மட்டும் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. தங்குகிறவர்களுக்கு விலக்கு, ஏனெனில் அவர்கள் விடுதி வழியாக ஏற்கெனவே வரி கட்டுகிறார்கள். பகலில் வந்துபோகிறவன் நெரிசலைத் தந்துவிட்டுப் போகிறான், தங்குகிறவனே ஊருக்குப் பயன்படுகிறான் என்ற கணக்கை ஒரு மாநகரமே சட்டமாக்கியிருக்கிறது. பதுளைக்கு வெனிஸின் நெரிசல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கணக்கு ஒன்றே. நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றரில் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்த அருவியைக் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பதற்கும், நண்பகலில் எல்லவிலிருந்து வந்த வான்களுக்கு நடுவே முண்டியடித்துப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பதுளையில் இருப்பது இன்னும் நல்லது. தோட்டங்களில் வேலை இல்லாத நாள் அது. பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் நகருக்கு இறங்கும். மரக்கறி, துணிமணி, மருந்து, நகைக்கடை, கோயில் என்று நகரமே தோட்டங்களின் முற்றமாக மாறிவிடும்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்குத் தேயிலை மலை ஒரு பச்சைக் காட்சி. நடுவே வண்ணப் புள்ளிகளாய்ப் பெண்கள் தெரிவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ போகிறவர் அந்தப் பெண்களோடு நேராகப் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். முழுப்பேர், அரைப்பேர், கைக்காசு, பெரட்டு, காம்பரா என்று தோட்டத்தில் புழங்கும் சொற்கள் கேட்டவுடன் முழுதாய்ப் புரியாது. குறித்த கிலோ நிறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். இந்தச் சொற்களைக் கடைத்தெருவில், பஸ் வரிசையில், விடுதியின் குசினியில் கேட்கலாம். சுற்றுலா வானில் கேட்க முடியாது. புறப்படுமுன் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை வாசித்துவிட்டுப் போவது என் பரிந்துரை. ஹாலிஎலப் பக்கத்து ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தான் ஆசிரியராக இருந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர். 2022இல் மறைந்தார். ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைகளோடு பதுளைக்குப் போகிறவருக்கு எந்த வழிகாட்டியும் தர முடியாத ஒரு வரைபடம் கையில் இருக்கும்.

இதற்கு முதல் மறுப்பு தோட்டத்துப் பங்களாக்களைக் காட்டி வரும். சரித்திரம்தான் வேண்டுமென்றால், துரைமார் வாழ்ந்த பங்களாவிலேயே தங்கலாமே? ஊவாவில் அவற்றுக்குக் குறைவில்லை. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் இங்கிலாந்துப் பாணியில் கட்டிய அடிஷம் மாளிகை இன்று பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அங்கேயும் சில அறைகள் விருந்தினருக்குக் கிடைக்கும். தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டமும் அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் ஆசனமும் அருகிலேயே இருக்கின்றன. இவற்றைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழகான கட்டடங்கள், குளிருக்கு இதமான கணப்பு, ஒழுங்கான ரோசாத் தோட்டம். ஒரு இரவு தங்கலாம், தாராளமாக. ஆனால் பங்களா விறாந்தையிலிருந்து தெரிவது துரையின் பார்வை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் கண்ணில் படாதபடியோ, பட்டாலும் கீழே வெகு தூரத்தில் சிறிதாய்த் தெரியும்படியோதான் பங்களாக்களுக்கு இடம் தேர்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு ஊவாவைப் பார்த்துவிட்டதாக நினைப்பது, நூற்றைம்பது வருடமாக ஒரே சாளரத்தால் பார்க்கப்பட்டதை நாமும் அதே சாளரத்தால் பார்ப்பதாகும்.

அப்படியானால் லயத்திலேயே தங்க வைக்கலாமே, அதுவும் மக்களுக்கு வருமானம்தானே என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு யோசனை வரும். நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான், ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. ஒரு காம்பராவும் (அறை) ஒரு ‘ஸ்தோப்பு’ம் (முன்விறாந்தை) என்று ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடத்தில் விருந்தினருக்கு இடம் ஏது? அங்கே ஓர் இரவு தங்குவது அடுத்தவர் வறுமையை அனுபவமாக விலைக்கு வாங்குவது. தவிர, பல லயங்கள் நிற்கும் நிலமே நம்பத்தக்கதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மண்ணோடு மூடியது. அந்த மக்களுக்கு உரிய நிலமும் பாதுகாப்பான வீடும் கிடைப்பது அரசாங்கத்தினதும் தோட்டக் கம்பெனிகளினதும் கடமை. சுற்றுலாவை அதற்குப் பதிலாக முன்வைக்கக் கூடாது. சொந்த நிலத்தில் சொந்த வீடு கட்டி, ஒரு அறையை மிச்சம் வைத்திருக்கும் தோட்டக் குடும்பம் தானாக விரும்பி விருந்தினரை ஏற்றால் கதை வேறு. அப்படிப்பட்ட வீடுகள் பெருகட்டும், முதல் ஆளாகப் போய்த் தங்கலாம்.

இன்னும் நேரடியான மறுப்பு ஒன்று உண்டு. பதுளை எல்லவைப் போல் குளிர் ஊர் இல்லை. எல்ல ஆயிரம் மீற்றருக்கு மேல், பதுளை எழுநூறுக்கும் சற்றுக் கீழே. சுற்றிலும் மலை, நடுவே நகரம், பகலில் வேர்க்கும். வாகன இரைச்சல் உண்டு. எல்லவில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் காப்பிக் கடையும் மாடிக் காட்சியும் இங்கே கிடையா. இதையெல்லாம் மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை. தேனிலவுக்குப் போகிறவர்கள் தாராளமாக எல்லவுக்கே போகட்டும். ஆனால் பதுளையிலிருந்து எல்லவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். எல்லவில் தங்கிப் பதுளையைப் பார்த்து வரலாம் என்கிறவர்கள், பதுளையில் தங்கி எல்லவைப் பார்த்து வரலாம் என்பதை மட்டும் ஏனோ நினைப்பதில்லை. காட்சியை ஒரு பகலில் பார்த்துவிடலாம். நகரம் அப்படி வசப்படாது. எல்ல வாடிவீட்டுத் தோட்டத்திலிருந்து தெரியும் கணவாய்க் காட்சிக்காக ஒரு காலத்தில் அங்கே நின்று போனவர்கள் கூட, ஊவாவில் காரியம் என்றால் பதுளைக்கே வந்தார்கள். 1886இல் ஊவா தனி மாகாணமானதிலிருந்து கச்சேரியும் நீதிமன்றமும் ஆஸ்பத்திரியும் பதுளையில்தான். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் இங்கேதான். பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்களை நம்பித்தான் நகரின் சிறு விடுதிகள் பல ஓடுகின்றன. வெளிநாட்டுக்காரருக்கென்று அலங்கரிக்கப்படாதவை என்பதே இவற்றின் சிறப்பு. விலை உள்ளூர் விலை, காலைச் சாப்பாடு இடியப்பமும் சம்பலும்.

சிறு விடுதியில் தங்குவதால் தோட்டத் தொழிலாளியின் சம்பளம் கூடிவிடுமா என்று யாரும் கேட்கலாம். கூடாது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா சம்பளத்துக்குத் தொழிலாளர்கள் பல வருடம் போராட வேண்டியிருந்தது. 2021இல் அது கிடைத்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகியது. விருந்தினர் அறையின் ஒரு இரவு வாடகை அதைப் போல் பல மடங்கு. இந்த இடைவெளியைச் சுற்றுலா அடைத்துவிடாது. ஆனாலும் அந்த வாடகை எங்கே போகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. கொழும்புக் கம்பெனி நடத்தும் ஹோட்டலுக்குக் கொடுத்த காசு கொழும்புக்கே திரும்பும். குடும்பம் ஒன்று தான் வாழும் வீட்டின் மேல்மாடியில் நடத்தும் விடுதிக்குக் கொடுத்தால் பதுளைச் சந்தையில் மரக்கறியாக, முச்சக்கர வண்டிக் கூலியாக, அறை துப்புரவாக்கும் பெண்ணின் சம்பளமாகச் செலவாகும். அந்தப் பெண் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறவர். இணையத் தளங்கள் வழியாகப் பதிந்தால் அதில் கணிசமான பங்கு தளத்துக்குப் போய்விடும். தளத்தில் பார்த்துவிட்டு, தொலைபேசியில் தமிழிலேயே பேசி நேரடியாகப் பதிவது இருவருக்கும் இலாபம்.

இனித் திட்டம். ஊவாவின் பருவம் மேற்குச் சரிவுகளின் பருவத்துக்கு எதிரானது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்கு இறங்கும். அந்த வறட்சியில் வாடும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசனை ஏறுகிறது. அதற்குக் காரணமான மெதைல் சலிசிலேற்று தலைவலித் தைலங்களிலும் இருப்பதே. தேயிலைக்காகப் போகிறவருக்கு இந்த மூன்று மாதம் உகந்தது. தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்துப் பார்க்க விரும்புகிறவர் மாசியில் போகட்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். மண்சரிவுக் காலமும் அதுதான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் பதுளை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது, மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது என்பதைப் புறப்படுமுன் விசாரிப்பது கட்டாயம். ரயிலில் ஆசனப் பதிவு ஒரு மாதம் முன்னரே திறக்கும், திறந்தவுடன் முடிந்தும் விடும். மொத்தமாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்களிடம் மாட்டாமல், பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறுவதும் ஒரு வழி. கூட்டம் இருக்கும், ஆனால் பேச்சுத் துணைக்குக் குறையிராது. போயா தினம் ஒட்டிய நீண்ட விடுமுறைகளையும் ஏப்ரல் புத்தாண்டையும் தவிர்த்தால் அறையும் ஆசனமும் எளிது.

விடுதிக்காரரிடம் கேட்க வேண்டியவை சிலவே. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்திருக்கிறார்களா? சொன்ன விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா? இரவு ரயிலில் காலையிலேயே வந்து இறங்கினால் கதவு திறப்பார்களா? மலைச்சரிவில் புதிதாக எழும்பிய கட்டடமாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேரும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும்; அது இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரிவில் தொங்கும் மாடியில் கண்ணாடிச் சுவரும் கீழே பள்ளத்தாக்கும் படத்துக்கு அழகு. ஒக்டோபர் மழையில் அந்த அழகை நம்பித் தூங்க எனக்கு மனம் வராது. பதுளைச் சமதளத்துச் சந்துக்குள் இருக்கும் இரண்டு மாடி வீடு அந்த வகையிலும் மேல். குடும்பமாகப் போகிறவர்கள் அடையாள அட்டைகளை எடுத்துச் செல்லட்டும், கேட்பார்கள். சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவைத்தால் வீட்டுச் சமையல் கிடைக்கும், சொல்லாவிட்டால் கொத்து ரொட்டிதான். தோட்டத்துக்குள் போக விரும்பினால் விடுதிக்காரர் மூலம் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டுப் போக வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களை மறித்து நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு அந்த நேரம் கிலோக் கணக்கு.

நாலு நாள் கையில் இருப்பவருக்கு என் தீர்ப்பு இதுதான்: ரயில் ஓடினால் பதுளை வரை சீட்டு, சனியும் ஞாயிறும் பதுளையில் இரண்டு இரவு, திரும்பும் வழியில் ஹப்புத்தளையில் ஒரு இரவு. எல்லவுக்கு ஒரு பகல் போதும்.